கொட்டாவி வந்தால் உடனே சொல்லுங்கோ

சிறுநீரகம் பழுதான எனக்கு இரத்தத்தைச் சுத்தமாக்கி, மேலதிகத் தண்ணியையும் எடுப்பது டயலிசிஸ் மெசின்தான். அன்று அதில் மூன்றாவது மணித்தியாலம் தொடங்கும்போது எனக்குக் கொட்டாவி வந்தது. நெடுங்கேணிப் பக்கமிருந்து விடிய நாலு மணிக்கு எழும்பிப் பஸ் பிடித்து வந்த அலுப்பு என்று நினைத்தேன். பிறகு கழுத்தடி வேர்த்தது, வயிற்றைப் பிரட்டியது. தாதி மிஸ்ஸைக் கூப்பிட வாய் திறந்தது ஞாபகம். கண் முழித்தபோது கால் பக்கம் உயர்த்தியிருந்தது, சேலைன் ஓடிக்கொண்டிருந்தது, தண்ணி எடுப்பதை நிறுத்தியிருந்தார்கள். பிரசர் மேல் கணக்கு 70க்கு இறங்கிவிட்டதாம்.

"கொட்டாவி வந்த உடனே சொல்லியிருக்கோணும் அம்மா. அதுதான் முதல் அறிகுறி" என்றார் மிஸ்.

டயலிசிஸ் தொடங்கிய முதல் ஆறு மாதமும் கிழமைக்கு ஒருமுறையாவது இப்படித்தான். செவ்வாயும் வெள்ளியும் எனக்கு முறை. வெள்ளிக்கும் செவ்வாய்க்கும் இடையில் நாலு நாள் என்பதால் செவ்வாய் வந்தாலே பயம். பிரசர் விழாத நாளில் கடைசி மணித்தியாலத்தில் கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். அந்த நோவுக்குப் பிள்ளைப்பேறு பரவாயில்லை.

ஏன் விழுகிறது என்று எனக்கு விளங்கியது வீட்டில், இவர் தோட்டக் கிணற்றுக்கு இறைப்பு மெசின் போட்ட நேரம். ஊற்று ஊறுவதைவிட வேகமாக இறைத்தால் கிணறு வத்திவிடும். நிலத்துக்குள் தண்ணி இல்லாமலில்லை, கிணற்றுக்குள் வந்து சேர நேரம் வேண்டும். உடம்பிலும் அதுதான். மெசின் எடுப்பது இரத்தக் குழாயில் ஓடும் தண்ணியை. காலிலும் முகத்திலும் வீங்கி நிற்கிற தண்ணி ஆறுதலாகத்தான் குழாய்க்குள் ஊறி வரும். அதற்கு முன் இழுத்தால் குழாய் வத்தி, பிரசர் விழும்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் இதைச் சொன்னேன். "சரியாப் பிடிச்சிட்டீங்கள்" என்று ஒரு கணக்கும் எழுதித் தந்தார்: ஒரு கிலோ நிறைக்கு மணித்தியாலத்துக்கு 13 மில்லிலீற்றருக்கு மேல் எடுக்காமல் இருப்பது நல்லது. மேலதிகத் தண்ணி இல்லாத என் நிறை, அதாவது ட்ரை வெயிற், அப்போது 52 கிலோ. நாலு மணித்தியாலத்துக்கு 2.7 லீற்றர் வருகிறது. நான் செவ்வாயில் ஏற்றிக்கொண்டு போனதோ மூன்றரைக் கிலோ! அன்றிரவே கலண்டரில் 2.7 என்று பெரிதாக எழுதி அடுப்படியில் தொங்கவிட்டேன்.

தண்ணியைக் குறைக்கத் தனியே பாடுபட்டுத் தோற்றேன். உப்பைக் குறைத்த பிறகுதான் தாகமே அடங்கியது. சேலைன் ஒரு லீற்றரில் 9 கிராம் உப்பு இருக்கிறது. அதேபோல, நாங்கள் தின்னும் ஒவ்வொரு 9 கிராமும் உடம்பில் ஒரு லீற்றர் தண்ணியைப் பிடித்து வைக்கப் பார்க்கும். முல்லைத்தீவுக் கருவாடு, மோர்மிளகாய், அப்பளம் இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. அழுதுகொண்டுதான் விட்டேன். ஒரு நாளைக்கு மொத்தமாக ஒரு தேக்கரண்டிக்குள், அதாவது 5 கிராமுக்குள், உப்பு. சம்பலுக்குத் தேசிக்காய்ப் புளியைக் கூட்டி உப்பைக் குறைத்தேன். இரண்டு கிழமையில் நாக்குப் பழகிவிட்டது. ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும்: கடையில் சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதை வாங்காதீர்கள். பலவற்றில் அதற்குப் பதிலாகப் பொட்டாசியம்தான் இருக்கும், எங்களுக்கு அது இதயத்தையே நிறுத்திவிடும். இளநியும் அதனால்தான் வேண்டாம்.

எனக்குச் சலம் போவது நாளுக்குக் கால் லீற்றர். அதோடு அரை லீற்றர் சேர்த்து, முக்கால் லீற்றரைக் காலையில் ஒரு போத்தலில் நிரப்பி வைப்பேன். பிளேன்டீ, சொதி, குளிசைக்குக் குடிப்பது எல்லாம் அந்தக் கணக்குக்குள்.

மெசினில் இருந்துகொண்டு பார்சல் சாப்பிடுவதையும் விட்டேன். சாப்பிட்டால் இரத்தம் வயிற்றுப் பக்கம் போய்ப் பிரசர் இறங்கும். பஸ்ஸிலேயே இடியப்பத்தை முடித்துவிடுவேன். காலைப் பிரசர் குளிசையை டயலிசிஸ் நாளில் வீட்டுக்கு வந்து போடச் சொன்னார் டொக்டர். இது ஆளுக்காள் வேறு, கேட்காமல் நீங்களாக நிறுத்தாதீர்கள். மெசின் திரவத்தின் வெப்பத்தையும் 36 பாகைக்குக் குறைத்தார்கள். குளிரில் குழாய் சுருங்கிப் பிரசர் நிற்கும். நடுங்கும்தான், போர்வை கொண்டுபோவேன்.

இவ்வளவு செய்தும் கெண்டைப் பிடிப்பு ஒரு கட்டத்தில் திரும்பி வந்தது. வாய்க்கு ருசி வந்து நான் கொஞ்சம் சதை போட்டிருந்தேன், ட்ரை வெயிற் பழைய 52இலேயே நின்றது. இல்லாத தண்ணியை மெசின் இழுத்திருக்கிறது. டொக்டர் பார்த்து 53 ஆக்கினார், பிடிப்பு விட்டது. சாப்பாடு கூடினாலும் குறைந்தாலும் அதைக் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கச்சான் காற்று வீசும் மாதங்களில் எனக்கு இன்னும் கஷ்டம்தான். தொண்டை வறண்டு போத்தல் கணக்குப் பிசகும். போன செவ்வாய் தராசில் மூன்று கிலோ கூட. முந்தியென்றால் பேசாமல் ஏறிப் படுத்திருப்பேன். இம்முறை, "மிஸ், இண்டைக்கு அரை மணித்தியாலம் கூடப் போடேலுமோ?" என்று கேட்டேன். டொக்டரிடம் கேட்டுவிட்டு நாலரை மணித்தியாலம் போட்டார். ஒருக்காலும் பிரசர் விழவில்லை. இறங்கிப் பத்து நிமிஷம் கட்டிலோரம் இருந்துவிட்டு, இரண்டு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.