கஷ்டம் ஒன்று வாடகைக்குக் கிடைக்குமா?

நேற்று இரவு ஒன்பதரை மணிக்குப் பெரியவள் மாடியிலிருந்து இறங்கி வந்து, "அப்பா, நம் வீட்டில் ஏன் எதுவுமே நடக்கவில்லை?" என்று கேட்டாள். குரலில் அப்படியொரு குற்றச்சாட்டு. பதினேழு வருடமாக அவளுக்கு எதுவும் நடந்துவிடக் கூடாது என்று நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் அதுவே குறையாகப் போனது.

விஷயம் கல்லூரியில் சேர விண்ணப்பத்தோடு அனுப்பும் கட்டுரைதான். நவம்பர் 1 இரவு 11.59க்குள் முதல் விண்ணப்பங்கள் போயாக வேண்டும். பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கும் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பில் ஏழு கேள்விகள், ஏதாவது ஒன்றுக்கு 250 சொல்லுக்குக் குறையாமல், 650ஐத் தாண்டாமல் எழுத வேண்டும். அதில் ஒரு கேள்வி, நீ சந்தித்த சோதனை, பின்னடைவு, தோல்வி எது, அதிலிருந்து என்ன கற்றாய் என்கிறது. நியூ ஜெர்சியின் எடிசன் ஊரில் பிறந்து, எடிசனில் வளர்ந்து, பள்ளிக்கும் நடன வகுப்புக்கும் பின்சீட்டில் தூங்கிக்கொண்டே போய்வந்த பெண் சோதனைக்கு எங்கே போவாள்?

எனக்குத் தெரிந்த சோதனைகளை எடுத்துக் கொடுத்தேன். "2021இல் ஐடா புயலில் பேஸ்மென்ட்டில் முழங்கால் வரை தண்ணீர் நின்றதே?"

"அந்த வெள்ளத்தில்தான் என் கீபோர்டு போனது. வகுப்பும் நின்றது. என் வாழ்க்கையிலேயே சந்தோஷமான வாரம்."

சரி, என்னுடையதைத் தருகிறேன் என்றேன். அம்பாசமுத்திரத்தில் மூன்று மைல் நடந்து பள்ளிக்கூடம் போன கதை. சோபாவில் கண்ணை மூடிக் கிடந்த என் அம்மா, கண்ணைத் திறக்காமலே, "எந்த மூன்று மைல்? பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் அல்லவா இருந்தது? மணி அடித்த பிறகுதானே நீ சாப்பிடவே உட்காருவாய்" என்றாள். வந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் இரண்டு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவாள். அதற்குள் என் வரலாறு முழுவதையும் திருத்தி எழுதிவிட்டுத்தான் விமானம் ஏறுவாள் போலிருக்கிறது.

எழுதவே கூடாதவை என்று ஒரு பட்டியலும் பள்ளியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். விளையாட்டில் கால் உடைந்து மீண்டு வந்த கதை கூடாது. ஒரு வாரம் ஏழை நாட்டுக்குப் போய்ச் சுவருக்கு வண்ணம் அடித்துவிட்டு வாழ்க்கையைப் புரிந்துகொண்ட கதை கூடாது. பாட்டி இறந்த கதை கூடவே கூடாது, ஆளுக்கு ஆள் அதைத்தான் எழுதுகிறார்களாம். பெரியவள் இதை வாசித்தபோது அம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்து, "கவலைப்படாதே, இப்போதைக்கு அந்த உத்தேசம் இல்லை" என்றாள்.

டிபன் பாக்ஸ் கதையும் பழசாகிவிட்டதாம். புளியோதரையைத் திறந்ததும் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்தார்கள், நான் அழுதேன், பிறகு என் வேர்களை அறிந்தேன் என்று போகுமே, அது. எடிசன் பள்ளிகளில் அதற்கும் வழியில்லை. மூக்கைப் பிடிக்க ஆள் வேண்டாமா? பாதி மேஜையில் புளியோதரை, மீதி மேஜையில் குஜராத்திகளின் தேப்லா ரொட்டி. இவளுடைய பொடி இட்லிக்கு இரண்டு பாக்கெட் சிப்ஸ் என்று ஒரு காலத்தில் சந்தை விலையே இருந்தது. அரங்கேற்றத்தையும் எழுத முடியாது. இந்தக் கோடையில் மட்டும் நாங்கள் நான்கு அரங்கேற்றங்களுக்குப் போய் மும்மூன்று மணி நேரம் உட்கார்ந்து, நான்கு முறை ஒரே பனீர் பட்டர் மசாலாவைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அந்த நான்கு பெண்களும் இப்போது என்ன எழுதிக்கொண்டிருப்பார்கள் என்று ஊகிக்க அபார அறிவு தேவையில்லை.

போன ஞாயிறு பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீனில் மற்ற அப்பாக்களிடம் மெல்ல விசாரித்துப் பார்த்தேன். நம் ஆட்கள் சம்பளத்தைச் சொல்வார்கள், வீட்டுக் கடன் வட்டியைச் சொல்வார்கள், ரத்தக் கொதிப்பு எவ்வளவு என்று தோசையைப் பிய்த்துக்கொண்டே சொல்வார்கள். பிள்ளையின் கட்டுரைத் தலைப்பை மட்டும் லாக்கரில் வைத்துவிடுகிறார்கள். "ஏதோ எழுதுகிறான்" என்று ஒருவர் சொல்லிவிட்டுச் சட்னி வாங்கப் போனவர் திரும்பவே இல்லை. இன்னொருவர் ஆலோசகர் வைத்திருக்கிறார். அந்த ஆலோசகருக்கு ஒரு மணி நேரத்துக்குக் கொடுக்கும் தொகையைக் கேட்டதும் என் தோசை தொண்டையில் நின்றது. மூன்றாமவர், 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இனத்தைப் பார்த்துக் கல்லூரியில் சேர்க்கக் கூடாது என்று சொன்ன பிறகு கட்டுரைதான் எல்லாம் என்று விளக்கினார். எல்லாம் என்றால் எதைப் பற்றி எழுதுவது என்று கேட்டேன். செருப்பைத் தேடப் போய்விட்டார்.

இது போதாதென்று சில கல்லூரிகள் தனிக் கேள்வியும் வைக்கின்றன. சிகாகோ பல்கலைக்கழகம் ஒரு வருடம் 'எக்ஸைக் கண்டுபிடி' என்று கேட்டிருக்கிறது. அவ்வளவுதான். சமன்பாடு கிடையாது, படம் கிடையாது. இருபது வருடமாக மென்பொருள் எழுதிச் சோறு தின்கிறவன் என்ற முறையில் அதை நான் அவமானமாகவே எடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு மனதுக்குள் ஒரு கேள்வி பிடித்திருந்தது. யாரோ உனக்குச் செய்த ஒன்று, எதிர்பாராத விதத்தில் உன்னை மகிழ்ச்சியோ நன்றியோ கொள்ளச் செய்ததா என்று கேட்கும் கேள்வி. ஒரு வாரமாக அந்தப் பக்கம் ஜாடையாகத் தள்ளிப் பார்த்தேன். ஒன்பது வருடம், ஞாயிறு தவறாமல், பனியில்கூட 287ஆம் சாலையில் நடன வகுப்புக்கு ஓட்டிய ஒரு மனிதரைப் பற்றி எழுதலாமே என்றேன்.

"எதிர்பாராத விதத்தில் என்று கேட்கிறார்கள் அப்பா. நீங்கள் வருவீர்கள் என்று எனக்கு எப்போதும் தெரியுமே."

இது பாராட்டா, நிராகரிப்பா என்று இன்னும் முடிவுக்கு வரமுடியவில்லை. மனைவியிடம் கேட்டேன். பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் தட்டுகளை நான் அடுக்கியது தப்பு என்றாள்.

பதினொரு மணிக்கு மடிக்கணினியோடு பெரியவள் அம்மாவின் அறைக்குள் போனாள். கதவு சாத்தப்பட்டது. தண்ணீர் குடிக்க என்ற பெயரில் நான் மூன்று முறை அந்த வழியாகப் போனேன். உள்ளே எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் தமிழில் அஃறிணை மட்டும்தான் உண்டு. ஆச்சி வந்தது, அப்பா சொன்னது, நாய் போனது, எல்லாம் ஒரே கணக்கு. நடுவில் இரண்டு பேரும் சிரித்தார்கள். அம்மா மூச்சு வாங்கச் சிரித்து நான் கேட்டு எவ்வளவோ நாளாகிவிட்டது. அப்பா போன பிறகு இந்தச் சிரிப்பை நான் கேட்டதாக நினைவில்லை.

காலையில், "முடிந்தது, 648 சொற்கள்" என்றாள். காட்டு என்றேன். "நீங்கள் திருத்துவீர்கள்" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அம்மாவுக்குக் காபி கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். டிகாக்‌ஷன் முதல் இறக்கம்.

"என்ன எழுதியிருக்கிறாள்?"

"நன்றாகத்தான் எழுதியிருக்கிறது, பிள்ளை. நீகூட இரண்டு இடத்தில் வருகிறாய்."

"நல்லபடியாகவா?"

"ஓர் இடத்தில்."

"இன்னோர் இடத்தில்?"

அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரை நீட்டினாள். "சீனி பற்றாது ஐயா."