‘அடம் பிடித்தான்’ என்று எழுதினால் யாருக்கு என்ன புரியும்?

பெரும்பாலும் ஆட்டிசமுள்ள குழந்தைகளுக்குத் தரப்படும் ஏபிஏ (பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு) தெரபியின் நோட்டுகளில் அடிக்கடி கண்ணில் படும் வாக்கியம் இது: “இன்று ரொம்ப அடம் பிடித்தான், ஒத்துழைக்கவில்லை.” அழுதானா, தரையில் படுத்துக்கொண்டானா, கையைக் கடித்தானா? எத்தனை தடவை, எவ்வளவு நேரம்? அதற்கு முந்தைய நொடியில் என்ன நடந்தது? அடுத்த நாள் வரும் தெரபிஸ்டுக்கோ சூப்பர்வைசருக்கோ இதில் ஒன்றுமே கிடைக்காது. அடம், கோபம், சோம்பல், குறும்பு எல்லாம் பார்த்தவர் கொடுத்த தீர்ப்பு. கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும்தான் நோட்டுக்கு வேண்டும்.

அதற்கு முதல் வேலை, நடத்தைக்கு வரையறை எழுதுவது. ‘அலறல்’ என்று தலைப்பு மட்டும் போட்டால் ஆளுக்கொரு கணக்கு வரும். இப்படி எழுதிப் பாருங்கள்: “மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவுக்கு, ஒரு விநாடிக்கு மேல் நீடிக்கும் குரல். பாட்டும் சிரிப்பும் சேராது. 5 விநாடி அமைதிக்குப் பிறகு மறுபடி வந்தால் அது அடுத்த தடவை.” பலரும் விட்டுவிடுவது அந்தக் கடைசி வரியைத்தான். எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லாவிட்டால், ஒருவருக்கு ஒன்றாகத் தெரியும் அலறல் இன்னொருவருக்கு ஏழாகத் தெரியும்.

நடத்தை ஆய்வாளர் ஆக்டன் லிண்ட்ஸ்லி சொன்ன ஒரு சோதனையும் கைகொடுக்கும்: பிணத்தால் செய்ய முடிந்தது நடத்தை ஆகாது. ‘10 நிமிடம் சத்தம் போடாமல் இருப்பான்’ என்ற இலக்கைப் பிணம் நம்மைவிட நன்றாகவே எட்டிவிடும். ‘இடைவேளை வேண்டுமென்றால் அட்டையை நீட்டுவான்’ என்பது பிணத்தால் ஆகாது. அதை இலக்காக வைக்கலாம்.

அடுத்தது முன்–நடத்தை–பின் பதிவு. “10:42. புதிர்ப் பலகையை முன்னால் வைத்து ‘போடு’ என்று சொல்லப்பட்டது. பலகையைத் தள்ளிவிட்டு 20 விநாடி அழுதான். பலகை எடுக்கப்பட்டது.” இந்த மூன்று வரியில் காரணத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் இதே மாதிரி பதினைந்து பதிவுகள் சேர்ந்தால், அழுகை வேலையிலிருந்து தப்பிக்க உதவுகிறதோ என்ற சந்தேகம் தானாக எழும். அம்மா ஃபோனை எடுக்கும்போதெல்லாம் அழுகிறான் என்றால் அது கவனத்துக்காக இருக்கலாம். தப்பிப்பது, கவனம் இரண்டும் போக, விரும்பிய பொருள் கிடைப்பது மூன்றாவது வகைக் காரணம். யார் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தச் செயல் தரும் புலனுணர்வே போதுமென்பது நான்காவது. இந்தப் பதிவுகள் சந்தேகத்தைத்தான் தரும், நிரூபணத்தைத் தராது. சூழலை மாற்றி மாற்றிச் சோதிக்கும் செயற்பாட்டுப் பகுப்பாய்வு முறையை 1982-இல் பிரையன் இவாட்டாவும் உடனிருந்தவர்களும் விரிவாக வெளியிட்டார்கள். அது பயிற்சி பெற்ற பகுப்பாய்வாளரின் வேலை. தெரபிஸ்ட் தனியாகச் செய்து பார்ப்பதற்கில்லை.

மேலே பலகையை எடுத்தோமே, அதற்குப் பெயர் எதிர்மறை வலுவூட்டல். ‘எதிர்மறை’ என்ற சொல்லைக் கேட்டதும் தண்டனை என்று நினைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர். பிடிக்காதது விலகியது, அதனால் அழுகை பலப்பட்டது, அவ்வளவுதான். வலுவூட்டல் எதுவானாலும் நடத்தை கூடும், தண்டனையில் குறையும். குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்தும் நடத்தை கூடவில்லையென்றால், அந்தச் சாக்லேட் வலுவூட்டி இல்லை. நாம் ஆசையாகக் கொடுத்த ஒன்று, அவ்வளவே.

எண்ணிக்கைக்கு வருவோம். திங்களன்று 2 மணி நேர செஷனில் 12 தடவை பொருள் எறிந்தான். புதனன்று செஷன் 45 நிமிடத்தில் முடிந்துவிட்டது, 9 தடவை. 12-ஐயும் 9-ஐயும் கிராஃபில் வைத்தால் குறைந்ததுபோலத் தெரியும். மணிக்கணக்கில் பார்த்தால் 6, 12, இரட்டிப்பாகியிருக்கிறது. செஷன் நேரம் மாறும் இடத்தில் விகிதம் இல்லாமல் எண்ணிக்கை போடாதீர்கள். ஒரே அழுகை அரை மணி நேரம் நீண்டால் ‘1 தடவை’ என்பது கேலிக்கூத்து. அங்கே கால அளவு எடுக்க வேண்டும். சொன்னபின் செய்யத் தொடங்க எவ்வளவு நேரமானது என்பது தாமதம், அது தனிக் கணக்கு.

இடைவெளிப் பதிவில் 10 நிமிடத்தை 10 விநாடி வீதம் 60 கட்டங்களாகப் பிரிக்கலாம். கட்டத்துக்குள் ஒரு நொடி நடந்தாலும் குறி போடுவது பகுதி இடைவெளி. அது நடத்தை நீடித்த நேரத்தைக் கூட்டிக் காட்டும். கட்டம் முழுக்க நடந்தால் மட்டும் குறி போடுவது முழு இடைவெளி. அது குறைத்துக் காட்டும். அதனால் குறைக்க வேண்டிய நடத்தைக்கு முன்னதும், வளர்க்க வேண்டியதற்குப் பின்னதும் வழக்கம். நம் கணக்கு பிசகினாலும், இல்லாத முன்னேற்றத்தைக் காட்டும் பக்கம் சாயாது.

கற்பித்தல் ட்ரையல்களில் (ஒரு கேள்வி, ஒரு விடை என்ற முயற்சிகளில்) பெரிய ஓட்டை, ப்ராம்ப்ட், அதாவது விடை வர உதவும் தூண்டுதல், கொடுத்து வந்த விடையைத் தானாக வந்ததோடு சேர்ப்பது. கையைப் பிடித்துச் செய்ய வைத்தது, தொட்டு நினைவூட்டியது, செய்து காட்டியது, சைகை, வாய்ச்சொல்: ஒவ்வொன்றுக்கும் தனிக் குறி வேண்டும். எல்லாவற்றுக்கும் கூட்டல் குறி போட்டால் தாளில் 90% வரும், வீட்டில் ஒன்றும் வராது. தெரியாமல் கொடுக்கும் ப்ராம்ப்டும் உண்டு: சரியான அட்டையை நம் கண் பார்த்துவிடும், அல்லது அது எப்போதும் வலப்பக்கமே இருக்கும்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் எண்ணி, சிறிய எண்ணைப் பெரியதால் வகுத்து 100-ஆல் பெருக்கினால் உடன்பாட்டு விழுக்காடு கிடைக்கும். 8-உம் 10-உம் என்றால் 80%. பொதுவாக ஏற்கும் கீழ் எல்லை அதுதான். அதற்கும் கீழே போனால் ஆளைத் திட்டுவதற்கு முன் வரையறையைத் திருத்துங்கள்.

திட்டப்படி ஓர் அழுகைக்குக் கவனம் கொடுப்பதை நிறுத்தும்போது, அது முதலில் ஏறலாம். இந்த ஏற்றத்தை எதிர்பார்க்கிறோம் என்று நோட்டில் முன்கூட்டியே இல்லாவிட்டால், மூன்றாம் நாள் யாரோ பயந்து உச்சத்தில் விட்டுக்கொடுப்பார்கள். இன்னும் சத்தமாக அழ வேண்டுமென்று அன்று குழந்தை கற்றுக்கொள்ளும். தன்னைத்தானே காயப்படுத்தும் நடத்தையில், எழுதி ஒப்புக்கொண்ட பாதுகாப்புத் திட்டம் இல்லாமல் இதைத் தொடவே கூடாது. கைகளை உதறுவது பார்க்க வித்தியாசமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அதைக் குறைக்கும் பட்டியலில் சேர்ப்பதும் தவறு. ஆட்டிசமுள்ள பெரியவர்கள் பலர் இந்தத் துறையைக் கடிந்துகொள்வதில் இதற்கு முக்கிய இடம் உண்டு, அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. குழந்தை முகத்தைத் திருப்பியது, நம் கையை விலக்கியது ஆகியவற்றையும் டேட்டாவாக எழுதுங்கள்.

செஷன் நோட் பெரிதாக இருக்க வேண்டியதில்லை: “மாலை 4:00–5:00. அறையில் தெரபிஸ்ட், அம்மா. நிற அட்டை: 10-இல் தானாக 6, சைகையில் 3, தவறு 1. பொருள் எறிதல் 4 தடவை. நான்கிலும் சற்றுமுன் மேசைப் பணி தரப்பட்டது. ‘போதும்’ அட்டையைத் தானாக 2 தடவை நீட்டினான். இரு தடவையும் 1 நிமிட இடைவேளை. நேற்றிரவு சரியாகத் தூங்கவில்லை என்று அம்மா சொன்னார்.” அந்த ‘அம்மா சொன்னார்’ முக்கியம், நாம் பார்க்காததை நாம் பார்த்ததுபோல எழுதக்கூடாது. காய்ச்சல், புது மருந்து, வீட்டில் விருந்தாளி, கரண்ட் இல்லாதது எல்லாம் இங்கேதான் வரும். காயம் ஏதும் பட்டால் நேரம், உடலில் எந்த இடம், எவ்வளவு பெரிது, யாரிடம் சொல்லப்பட்டது என்று தனியாக எழுதுங்கள். குழந்தையின் பெயரோடு வீடியோவை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

எண்களை அந்தந்த நொடியே குறியுங்கள். வீட்டுக்குப் போய் நினைவிலிருந்து நிரப்பினால் கடைசிப் பத்து நிமிடம்தான் மொத்த செஷனாக மாறும். எழுதியதில் தவறு வந்தால் வெள்ளை மை பூசாதீர்கள், தாளைக் கிழிக்காதீர்கள். பழையது படிக்கத் தெரியும்படி ஒரே ஒரு கோடு, பக்கத்தில் சரியான எண், சுருக்கொப்பம், தேதி.