பார்த்தசாரதியைச் சேவித்த கையோடு

திருவல்லிக்கேணிக்குப் போகிறவர்களில் பலர் பெருமாளைச் சேவித்ததும் நேராகக் கடற்கரைக்கு நடையைக் கட்டிவிடுகிறார்கள். பாரதியார் இல்லத்தைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு அது பாதி தரிசனம்தான்.

மூலவர் வேங்கடகிருஷ்ணன் மீசை வைத்த பெருமாள். ஆயுதம் எடுப்பதில்லை என்று பாரதப் போரில் கொடுத்த வாக்குக்காகச் சக்கரம் இல்லாமல் சங்கோடு நிற்கிறார். ருக்மிணி, பலராமர், சாத்யகி, பிள்ளை, பேரன் எல்லாரும் கூடவே. உற்சவர் பார்த்தசாரதியின் திருமுகத்தில் பீஷ்மரின் அம்பு தைத்த வடுக்கள். ஆரத்தி வெளிச்சம் முகத்தில் விழும் அந்தச் சில நொடிகளில் என் கண் அவற்றைத்தான் தேடும். தேர்க்காரனாகப் போய் அடி வாங்கிக்கொண்ட சாமி!

தீர்த்தமும் துளசியும் வாங்கிக்கொண்டு, பின்னால் மேற்கு பார்த்த தெள்ளியசிங்கரையும் (நரசிம்மர்தான்) சேவித்துவிட்டு வந்தால், நாலு எட்டில் துளசிங்கப் பெருமாள் கோயில் தெரு. அங்கேதான் பாரதி கடைசியாகக் குடியிருந்த வீடு. இப்போது அரசு நினைவில்லம். சுவர்களில் அந்த முண்டாசும் முறுக்கு மீசையும். கோயிலில் சேவித்த மீசை உடனே நினைவுக்கு வருகிறது, என்ன செய்ய! கண்ணனைத் தோழனாக, தாயாக, வேலைக்காரனாக, காதலியாகக்கூடப் பாடியவர் அவன் கோயிலுக்குப் பக்கத்திலேயே வந்து குடியிருந்திருக்கிறார்.

பாரதியை யானை மிதித்துக் கொன்றுவிட்டது என்று இன்னும் பலர் சொல்கிறார்கள். அப்படியில்லை. 1921-இல், வழக்கம்போல் அன்பாக நெருங்கியவரைக் கோயில் யானை தள்ளிவிட்டது. விழுந்து கிடந்தவரை அவருடைய நண்பர் குவளைக்கண்ணன் பாய்ந்துபோய் மீட்டார். பாரதி தேறி எழுந்து சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்கும் போனார். ஈரோடு கருங்கல்பாளையம் வரை போய் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசிவிட்டும் வந்தார். அப்புறம் வந்த வயிற்றுக்கடுப்புதான் செப்டம்பரில், இந்த வீட்டில், ஆளைக் கொண்டுபோனது. வயது 39 கூட நிறையவில்லை. கிருஷ்ணாம்பேட்டை மயானத்துக்குக் கூடப் போனவர்கள் இருபது பேர்கூட இருக்கமாட்டார்கள் என்பார்கள். வைகுண்ட ஏகாதசிக்கு இதே தெருக்களில் நெரியும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அது மனசை அறுக்கும்.

இல்லம் பகலில்தான் திறந்திருக்கும். அதனால் காலையிலேயே போய்ப் பெருமாளைச் சேவித்துவிடுங்கள். சர்க்கரைப் பொங்கல் கிடைத்தால் விடாதீர்கள், நெய் சொட்டும்.