எம்101-இல் நான் தவறாகப் பெயரிட்ட புள்ளி

எம்.எஸ்சி. ஆய்வறிக்கைக்காக ராயக்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே ஒரு கோடை முழுவதும் கழிந்தது. 2.1 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள எம்101 கேலக்ஸியின் பரப்பில் தெரியும் ரேடியோ புள்ளிகள் ஒவ்வொன்றும் என்னவென்று நான் சொல்ல வேண்டும். வெடித்த விண்மீனின் எச்சமா, இளம் விண்மீன்கள் சூடேற்றிய ஹைட்ரஜன் மேகமா, வெகு பின்னால் கிடக்கும் வேறு கேலக்ஸியா?

அதிர்வெண் ஏற ஏற எச்சத்தின் ரேடியோ ஒளி வேகமாகக் குறையும். 1.4 கிகாஹெர்ட்ஸில் 10 மில்லிஜான்ஸ்கி (ரேடியோ ஒளியின் வலிமையை அளக்கும் அலகு) என்றால் 3 கிகாஹெர்ட்ஸில் 6 அளவில்தான் நிற்கும். மேகத்துக்கு அது 9-க்கு மேலேயே இருக்கும். நியூ மெக்ஸிகோவின் வி.எல்.ஏ. ரேடியோ தொலைநோக்கி இந்த இரண்டு அதிர்வெண்களிலும் எடுத்த அளவாய்வுப் படங்கள் இணையத்தில் இலவசம். வகுத்துப் பார்த்தால் போதும் என்று நம்பினேன்.

எம்101-க்குள் என்.ஜி.சி. 5461 என்ற இடத்தில் 3 கிகாஹெர்ட்ஸ் மதிப்பு மிகவும் சரிந்திருந்தது. 2023 மே மாதம் ஜப்பானிய வானியல் ஆர்வலர் இத்தகாகி கண்டுபிடித்த சூப்பர்நோவாவும் (விண்மீன் வெடிப்பு) அதன் அருகில்தான். மகிழ்ச்சியில் ‘எச்சம்’ என்று எழுதிவிட்டேன்.

வழிகாட்டிய பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: “இரண்டு படத்துக்கும் பிரிதிறன் ஒன்றா?” எவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும் என்பதுதான் பிரிதிறன். ஒன்றில்லை. 1.4 கிகாஹெர்ட்ஸ் படம் 45 விகலை, 3 கிகாஹெர்ட்ஸ் படம் 2.5 விகலை (ஒரு பாகையில் 3,600 விகலை). முதல் படம் அந்தப் பெரிய மேகத்தை முழுவதுமாக அள்ளியிருந்தது. இரண்டாவது அதன் கூர்மையான முடிச்சுகளை மட்டும் காட்டியது. கூர்மையான படத்தை மங்கலாக்கி ஒப்பிட்டும் கணக்கு நேராகவில்லை. பரந்த மங்கல் ஒளியில் ஒரு பகுதி அந்த ஆண்டெனா அமைப்பில் பதிவாவதே இல்லை. கடைசியில் ஹைட்ரஜனின் சிவப்பு ஒளியில் எடுத்த படத்தை மேலே பொருத்தினேன். அந்த இடம் தகதகவென்று எரிந்தது. மேகம்தான். ஒரு வாரம் தூக்கமின்றிப் போராடியதற்குப் பிறகு அந்தச் சிவப்பைப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

ஓரத்திலிருந்த இன்னொரு புள்ளி மட்டும் மசியவில்லை. சிவப்பில் அங்கே ஒன்றுமே இல்லை. சந்தைக்குத் தக்காளி பிரித்துக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்து, “இது இரட்டைக்காய் மாதிரி இருக்கிறதே, தம்பி” என்றார். பெரிதாக்கினேன். இரு பக்கமும் இரண்டு குமிழ்கள், நடுவில் மெல்லிய ஒரு பொட்டு. கருந்துளை பீய்ச்சும் தாரைகள் உண்டாக்கும் வடிவம் அது. பட்டியலில் அதற்கு நேரே ‘பின்னணிக் கேலக்ஸி’ என்று எழுதிவிட்டு, அடுத்த கூடையை அப்பாவுக்கு நகர்த்திக் கொடுத்தேன்.