விழுந்ததிலிருந்து அடுத்த ஸ்டிண்ட் வரை

எண்டூரன்ஸ் ரேஸில் பைக் ஒன்று, ஓட்டுபவர்கள் இரண்டு மூன்று பேர். ஒருவர் ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, பைக்கைக் கவனிக்கும் இடமான பிட்டுக்கு வந்தால் அடுத்தவர் ஏறுவார். ஒருவர் அப்படி ஒரு முறை ஓட்டுவதுதான் ஸ்டிண்ட். 1922-ல் பிரான்ஸில் போல் டோர் போட்டி தொடங்கியபோது ஒரே ஆள் 24 மணி நேரமும் ஓட்டினார் என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாக இருக்கும். லெ மான் 24 மணி நேரமும் சுஸுகா 8 மணி நேரமும் 1978-ல் வந்தவை. என்னைப் போன்ற அமெச்சூர்கள் ஓட்டுவது பெரும்பாலும் நான்கு மணி, ஆறு மணி, எட்டு மணி நேரப் போட்டிகள். வேலைக்குப் போய்விட்டு வந்து இரவில் பைக்கைப் பிரித்துச் சேர்ப்பவர்கள் நாங்கள்.

காறை எலும்பு முறிந்து படுத்திருந்தபோது எங்கே தேடினாலும் ஒரே கேள்விக்குத்தான் விடை கிடைத்தது: எத்தனை வாரத்தில் திரும்ப ஓட்டலாம்? எனக்கு உதவியது வேறு கேள்வி. இந்தத் தோள் இப்போது என்ன செய்கிறது, ரேஸ் அதனிடம் என்ன கேட்கும்? அந்தக் கோணத்தில் எழுதியது எதுவும் கிடைக்காததால் நான் கடந்து வந்ததை எழுதிவைக்கிறேன்.

விபத்து என் ஸ்டிண்டின் கடைசிச் சில லேப்களில், அதாவது டிராக்கின் கடைசிச் சில சுற்றுகளில் நடந்தது. வேகமான இடது வளைவு. முன்னால் போன ஏதோ ஒரு பைக்கின் ரேடியேட்டர் குழாய் கழன்று டிராக்கில் தண்ணீர் கொட்டியிருந்தது. வழுக்கலைக் காட்டும் மஞ்சள் சிவப்புக் கோட்டுக் கொடியை டிராக் ஓரப் பணியாளரான மார்ஷல் எடுப்பதற்குள் நான் வளைவுக்குள் இருந்தேன். ரேஸ் பைக்கில் கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கலந்த கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) ஊற்றக் கூடாது என்று பல போட்டிகளில் விதி இருப்பது இதற்காகத்தான். அது எண்ணெய் போல வழுக்கும், லேசில் காயாது, சுத்தம் செய்யப் போட்டியையே நிறுத்த வேண்டிவரும். வெறும் தண்ணீர் என்றாலும் முழுச் சாய்வில் இருக்கும் டயருக்கு அது போதும்.

பின் டயர் வெளியே வழுக்கியது. ஈரத்தைத் தாண்டிக் காய்ந்த தாரைத் தொட்டதும் அதற்குப் பிடி சட்டென்று திரும்பியது. அப்படிப் பிடி திரும்பும்போது சஸ்பென்ஷன் அமுங்கி விரியும், பைக் ஒரு உதறலோடு நிமிரும், மேலே இருப்பவர் வளைவின் வெளிப்பக்கமாகத் தூக்கி எறியப்படுவார். ஹைசைடு என்பது இதுதான். லோசைடில் தரையோடு சறுக்கிப் போவோம், பல நேரம் லெதர் தேய்வதோடு முடிந்துவிடும். ஹைசைடில் உயரத்திலிருந்து விழுகிறோம்.

லெதர் சூட்டுக்குள் இருந்த ஏர்பேக் நான் தரையைத் தொடும் முன்பே விரிந்துவிட்டது. பைக் ரேஸின் உச்ச உலகப் போட்டியான மோட்டோஜிபியில் 2018 முதல் இது கட்டாயம். அமெச்சூர் போட்டிகளிலும் கட்டாயமாக்க வேண்டும் என்று நான் யாரிடமும் வாதாடுவேன். விலாவும் கழுத்தும் தப்பின. வலது தோள் முனை மட்டும் நேராகத் தரையில் இறங்கியது. கையை உடற்கூட்டோடு எலும்பால் இணைப்பது காறை எலும்பு மட்டுமே என்பதால் தோளில் விழும் அடி அதன் வழியாகத்தான் மார்புக்குப் போகிறது. முறிந்தால் பெரும்பாலும் நடுப்பகுதியில் முறியும். எனக்கும் அங்கேதான்.

மார்ஷல் ஓடி வந்து சொன்ன முதல் வார்த்தை, “அசையாதீங்க, ஹெல்மெட்ல கை வைக்காதீங்க.” எழுந்து நடந்து காட்ட வேண்டும் என்ற வெறி அந்த நேரத்தில் எல்லாருக்கும் வரும். தயவுசெய்து படுத்தே இருங்கள். கழுத்தில் அடி இருக்கிறதா என்று தெரியும் வரை ஹெல்மெட்டைப் பயிற்சி உள்ளவர்கள்தான் கழற்ற வேண்டும். பல ரேஸ் ஹெல்மெட்டுகளில் கன்னத்துப் பஞ்சை முதலில் உருவி எடுக்கச் சிவப்புப் பட்டிகள் இருக்கும். உங்கள் குழுவில் எல்லாருக்கும் அது எங்கே இருக்கிறது என்று ரேஸுக்கு முன்பே காட்டி வையுங்கள்.

மருத்துவ அறையில் தோளைப் பார்க்கும் முன் தலையைத்தான் பார்த்தார்கள். இது எந்த டிராக், யார் முன்னால் போகிறார்கள், சில சொற்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னது, ஒற்றைக் காலில் நிற்கவைத்தது எல்லாம் அந்தச் சோதனையில் சேர்த்தி. எனக்கு லேசான மூளை அதிர்ச்சி இருந்தது. எலும்பு முறிவு படத்தில் தெரியும், இது தெரியாது. அதனாலேயே ரேஸ் ஓட்டுபவர்கள் இதை மறைத்துவிடுகிறார்கள். முதல் ஓரிரு நாள் ஓய்வு, பிறகு லேசான நடை, பிறகு உடற்பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் விட்டு ஏற வேண்டும். தலைவலி திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டும். ஹெல்மெட்டின் வெளி ஓட்டில் சின்னக் கீறல்தான். ஆனால் உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கினால் நசுங்கியதுதான், மறுபடி அடியைத் தாங்காது. அதை வெட்டிப்போட்டுவிட்டோம், யாரும் எடுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது என்பதற்காக.

நான் ஆம்புலன்ஸில் இருந்தபோது பைக் பிட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. கைப்பிடி, ஃபுட்பெக், பிரேக் லீவர், முன்பக்க ஃபேரிங் எல்லாம் மாற்றி, ஃபோர்க் நேராக இருக்கிறதா என்று பார்த்து, மற்ற இருவரும் மீதி நேரத்தைப் பகிர்ந்து ஓட்டி முடித்திருக்கிறார்கள். மூன்று பேருக்கு இருந்த ஓய்வு இரண்டு பேருக்கு இல்லாமல் போயிற்று. எங்கள் மெக்கானிக் தம்பி இரவு போன் செய்து, “முடிச்சிட்டோம்க்கா, நீங்க தூங்குங்க” என்றான். வலி மருந்தை மீறி அழுதேன்.

அறுவை செய்வதா, கையைத் தூளியில் கட்டித் தானாகக் கூடவிடுவதா என்பது அடுத்தது. முறிந்த முனைகள் அருகருகே இருந்தால் தூளியே போதும். முனைகள் முற்றாக விலகியிருந்தாலோ, எலும்பு 2 செ.மீ. அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குட்டையாகியிருந்தாலோ, முனை தோலைக் கூடாரம் போல மேலே தள்ளினாலோ அறுவை செய்து உலோகத் தட்டைத் திருகி வைப்பதைப் பரிசீலிப்பார்கள். எனக்கு முதல் இரண்டும் இருந்தன. தட்டு வைத்தால் எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு குறையும். பதிலுக்குத் தொற்று அபாயம் உண்டு, திருகுகள் தோலுக்கடியில் தட்டுப்படும், வெட்டுக்குக் கீழே மார்புத் தோல் மரத்துப்போகும். அந்த மரப்பை யாராவது முன்பே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேலே ஓடும் சிறு நரம்புகள் அறுவையில் பாதிக்கப்படுவதால் வருவது அது. எனக்கு நாளாக ஆகக் குறைந்தது, முழுதும் போகவில்லை.

பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் மோட்டோஜிபி சாம்பியன் ஹோர்ஹே லோரென்ஸோ கதையைச் சொன்னார்கள். 2013-ல் நெதர்லாந்தின் அஸ்ஸென் டிராக்கில் வியாழக்கிழமை விழுந்து காறை எலும்பு முறிந்தது, பார்சலோனாவுக்குப் பறந்து தட்டு வைத்துக்கொண்டார், சனிக்கிழமை ரேஸில் ஐந்தாவதாக வந்தார். உண்மைதான், அசாத்தியமானதுதான். அதன் இரண்டாம் பாதியை யாரும் சொல்லவில்லை. இரண்டு வாரத்தில் ஜெர்மனியின் சாக்சன்ரிங் டிராக்கில் மறுபடி விழுந்து அதே தட்டு வளைந்து, திரும்பவும் அறுவைக்குப் போனார். இன்னொரு மோட்டோஜிபி சாம்பியன் மார்க் மார்க்கேஸுக்கு 2020 ஜூலையில் ஸ்பெயினின் ஹெரெஸில் வலது மேற்கை எலும்பு முறிந்தது. அறுவை முடிந்த அதே வாரத்தில் பைக்கில் ஏறிப் பார்த்து விலகினார். சில நாட்களில் தட்டு சேதமாகி இரண்டாம் அறுவை, டிசம்பரில் மூன்றாவது, 2022-ல் நான்காவது. உலகின் மிகச் சிறந்த மருத்துவக் குழு பக்கத்தில் இருந்தும் அது நடந்தது. தட்டு என்பது எலும்பு கூடும் வரை முனைகளைச் சேர்த்துப் பிடிக்கும் சாரம். சுமை தாங்க வேண்டியது எலும்புதான், அது கூடப் பெரியவர்களுக்கு 6 முதல் 12 வாரங்கள் பிடிக்கும். புகைபிடிப்பவர்களுக்கு இன்னும் தாமதமாகும். இந்த இரண்டு கதைகளையும் முழுதாகப் படித்த பிறகு அடுத்த ரேஸை விட்டுவிடுவது என்று முடிவெடுத்தேன், அதற்கடுத்ததையும்.

பிசியோதெரபி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உண்மையான ரேஸ் அங்கேதான் நடந்தது. முதல் நாளிலிருந்தே விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் அசைக்க வேண்டும். தூளியில் கை கிடக்கிறது என்று முழுதாக விட்டுவிட்டால் தோள் மூட்டு இறுகிவிடும். பிறகு முன்னால் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டும் பயிற்சி. கையைத் தோள் உயரத்துக்கு மேலே தூக்க ஆரம்ப வாரங்களில் அனுமதி இல்லை. சுவரில் விரலால் ஏறுவது, இடது கையால் ஒரு கோலைப் பிடித்து வலது கையைத் தள்ளி உயர்த்துவது என்று தினமும் அதே வேலை. எக்ஸ்-ரேயில் முறிவைச் சுற்றிப் புது எலும்பு மேகம் போலத் தெரிந்த பிறகே ரப்பர் பட்டை கைக்கு வந்தது.

என் பிசியோ அம்மா ரேஸ் பார்த்ததே இல்லை. ஒருநாள் அவரிடம் கைபேசியில் பைக்கில் பொருத்திய கேமராவில் எடுத்த ஒரு ஆன்போர்டு காட்சியைக் காட்டினேன். நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டு அவர் கேட்ட கேள்விகள் எந்தக் கோச்சும் என்னிடம் கேட்காதவை. பிரேக் பிடிக்கும்போது உடம்பு முன்னால் போகிறதே, அதை எது தாங்குகிறது? வலப்பக்கம் சாய்க்க எந்தக் கை தள்ளுகிறது? யோசித்துச் சொன்னேன். முன் பிரேக்கை முழு விசையோடு பிடிக்கும்போது கிட்டத்தட்ட உடல் எடை அளவு விசை முன்னோக்கி இழுக்கும். முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்தால் அதில் பெரும்பங்கைத் தொடைகள் எடுத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் எல்லாம் கைகளுக்குப் போகும். வலப்பக்கம் சாய வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். த்ராட்டிலும் முன் பிரேக்கும் அதே கையில்தான். அன்றிலிருந்து அவர் என் பயிற்சியையே மாற்றிவிட்டார். தோள்பட்டையை விலாவோடு பிடித்துவைக்கும் தசைகளுக்கும் தொடைக்கும் வயிற்றுக்கும் பாதி நேரம், தோளுக்குப் பாதி நேரம். களைத்த பிறகு என்ன செய்ய முடிகிறது என்பதைத்தான் குறித்துவைப்பார். எண்டூரன்ஸுக்கு வேண்டியது அதுதான், ஸ்டிண்டின் கடைசிப் பத்து நிமிடத்திலும் முதல் லேப்பில் பிடித்த அதே பிரேக்கைப் பிடிக்க வேண்டும்.

திரும்புவதற்கு நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல்கள் இவை. எக்ஸ்-ரேயில் எலும்பு கூடியிருக்க வேண்டும், அழுத்தினால் வலி இருக்கக் கூடாது. வலி மாத்திரை இல்லாமல் தண்டால் எடுக்க வேண்டும். லெதர் சூட்டை யார் உதவியும் இல்லாமல் போட்டுக் கழற்ற வேண்டும். பைக் மேலே விழுந்தால் அதற்கடியிலிருந்து நானே வெளியே வர வேண்டும். கடைசியாகச் சொன்னதில்தான் அதிக நாள் நின்றேன். பல போட்டிகளில் ஓட்டத் தகுதி உண்டு என்ற மருத்துவச் சான்று கேட்பார்கள். கேட்காத இடத்திலும் வாங்கி உங்கள் குழுவிடம் காட்டுங்கள். உங்கள் தோள் கைவிட்டால் ஓட்டுவதற்கு அவர்களிடம் வேறு பைக் இல்லை.

மனம் பற்றி ஒரே ஒரு விஷயம். அதே டிராக்குக்குத் திரும்பியபோது அந்த இடது வளைவில் என் கண் விழுந்த இடத்தையே தேடியது. கண் போகும் இடத்துக்குத்தான் பைக் போகும். நானும் ஒவ்வொரு லேப்பிலும் வளைவின் வெளிப்பக்கமாக விலகிப் போய்க்கொண்டிருந்தேன். தைரியமாக இரு என்று சொன்னவர்களால் எதுவும் மாறவில்லை. அணியில் மூத்தவரான அண்ணன் என்னை அந்த வளைவுக்கு நடத்திக் கூட்டிப்போய், வெளியேறும் பக்கத்தில் தெரியும் ஒரு கம்பத்தைக் காட்டி, “உள்ள நுழையறப்பவே இதைப் பாரும்மா, வேற எதையும் பார்க்காதே” என்றார். அன்று மாலைக்குள் அந்த வளைவில் நான் வழக்கமாகப் போகும் பாதைக்குத் திரும்பிவிட்டேன். வேகம் வர இன்னும் பல வாரம் ஆனது, அதை யாரும் அவசரப்படுத்தவில்லை.

முதல் ரேஸில் தொடக்கத்தை நான் ஓட்டவில்லை. டிராக்கைக் குறுக்கே ஓடிப்போய் பைக்கில் ஏறும் அந்தத் தொடக்கத்தில் நெரிசலில் இடிபட வாய்ப்பு அதிகம். நடுவில் ஒரு ஸ்டிண்ட், அதையும் வழக்கத்தைவிடக் குறைவான லேப்களோடு வைத்துக்கொண்டோம். பிட்டிலிருந்து ஓட்டுபவருக்குக் காட்டும் பலகையான பிட் போர்டில் என் நேரத்தைக் காட்ட வேண்டாம், மீதி லேப்பை மட்டும் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். என் லேப்கள் மற்ற இருவரைவிடச் சில வினாடிகள் மெதுவாக இருந்தன, ஆனால் ஒன்றுக்கொன்று அதிகம் மாறாமல் இருந்தன. எண்டூரன்ஸில் அதை வைத்துத்தான் பெட்ரோலையும் டயரையும் கணக்குப் போட முடியும். இறங்கியதும் தோளில் களைப்பு இருந்தது, வலி இல்லை.

தட்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. லெதர் சூட்டின் தோள் மடிப்பு ஒரு திருகின் மேல் உரசுவதால் எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறோம். எடுத்தால் திருகு இருந்த துளைகள் நிரம்பும் வரை எலும்பு அந்த இடத்தில் பலவீனமாக இருக்கும், அந்தக் காலத்தில் விழுந்தால் மறுபடி முறியலாம். அதனால் எடுப்பதென்றால் சீசன் முடிந்த மறுவாரமே எடுத்துவிட்டு, அடுத்த சீசனுக்கு முந்தைய சோதனை ஓட்டம் வரை பைக்கைத் தொடாமல் இருப்பது என்று பேசியிருக்கிறோம். அதுவரை உரசும் இடத்தில் உள்ளிருந்து மெல்லிய நுரைத் துண்டு ஒன்றைத் தைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.