ஈத்தர்நெட்டும் டோக்கன் ரிங்கும்

கிருஷ்ணகிரியில் டிப்ளமோ மாணவர்களுக்கு வலையமைப்புப் பாடம் எடுக்கும் எனக்கு, ஒரே இடத்திலுள்ள கணினிகளைக் கம்பியால் இணைக்கப் போட்டியிட்ட இரு முறைகளில் ஈத்தர்நெட் ஏன் வென்றது என்பதைவிட, தோற்றுப்போன டோக்கன் ரிங் எதை நம்பியது என்ற கேள்வியே சுவையானதாகப் படுகிறது. முன்பெல்லாம் ஒற்றைத் தட ரயில் பாதையில் நிலைய அதிகாரி தரும் வளையம் கைக்கு வராமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கமாட்டார் அல்லவா, அதே ஒழுங்குதான் அங்கேயும்: சுற்றிவரும் டோக்கனை, அதாவது பேச அனுமதி தரும் சிறு செய்தியை, பிடித்த கணினி மட்டுமே பேசலாம் என்பதால், ஒவ்வொன்றும் அதிகபட்சம் எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். ஆனால் டோக்கன் தொலைந்துபோனால் புதிதாக ஒன்றை உருவாக்க, ஒரு கணினி எப்போதும் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் முன்வைத்த ஈத்தர்நெட்டோ போச்சம்பள்ளிச் சந்தை மாதிரி. யாரும் முறை வைப்பதில்லை. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான கம்பி அமைதியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பேசலாம், இருவர் ஒரே சமயத்தில் பேசி மோதிக்கொண்டால் இருவரும் நிறுத்தி, தற்செயலாகத் தேர்ந்த நேரம் காத்திருந்து மீண்டும் முயல வேண்டும். மோதல் தொடரத் தொடர அந்தக் காத்திருப்பின் வரம்பு இரட்டிப்பாகும். 16 முயற்சிகளும் தோற்றால் கைவிட்டுவிடும். பிழையைத் தடுக்காமல், பிழையோடு வாழப் பழகிய இந்தத் துணிச்சல் எனக்கு மிகவும் பிடிக்கும், விலையும் மலிவு.

வேடிக்கை என்னவென்றால், 1990களில், தரவை உரிய கணினிக்கு மட்டும் அனுப்பும் ‘சுவிட்ச்’ என்ற இணைப்புக் கருவி பரவி, ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி கிடைத்தபின், அந்த மோதலே ஈத்தர்நெட்டிலிருந்து ஏறக்குறைய மறைந்துவிட்டது. எங்கள் மாணவர்கள் அதைக் கரும்பலகையில்தான் பார்க்கிறார்கள்.