மேப் கேள்வியும் பாம்பன் பாலமும்: ஐயெல்ட்ஸ்க்கு நான் படிச்ச விதம்

நர்ஸிங் முடிச்சிட்டு யூகே போகணும்னு இருக்கவங்களுக்காக இத எழுதுறேன், அதுலயும் நம்ம ராமநாதபுரம் பக்கம் மண்டபம், பாம்பன், தொண்டி, கீழக்கரைனு தமிழ் மீடியத்துல படிச்சு வந்த பிள்ளைகளுக்கு. அங்க நர்ஸா பதிவு பண்றதுக்கு ஐயெல்ட்ஸ்ங்கிற இங்கிலீஷ் பரீட்சை எழுதுறதா இருந்தா, அதோட அகாடமிக் வகையில லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங் மூணுலயும் 7 வேணும், ரைட்டிங்ல 6.5. கிராமர், வொகாபுலரி எல்லாம் யூடியூப்ல கொட்டிக் கிடக்கு, அதுக்குள்ள நான் போகல. ஒரு இடத்துல இருந்து இன்னொரு இடத்துக்குப் போறத இங்கிலீஷ்ல எப்படி சொல்றாங்க, அத நான் எப்படி பிடிச்சேன், அவ்வளவுதான் இந்தப் பதிவு.

லிசனிங்ல மொத்தம் 40 கேள்வி, நாலு பார்ட்டு, ஆடியோ ஒரே ஒரு தடவைதான் ஓடும். ரெண்டாவது பார்ட்ல அடிக்கடி ஒரு மேப் வரும், ஏதாவது பார்க்கோ மியூசியமோ இருக்கும், ஒருத்தர் வழி சொல்லிக்கிட்டே போவாரு, எது எங்க இருக்குனு நம்ம எழுத்து போடணும். கூட படிச்ச எங்க எல்லாருக்கும் தண்ணி காட்டுனது இந்த மேப்தான். கோச்சிங்ல ப்ரபொசிஷன் (இன்டு, த்ரூ, அண்டர் மாதிரி குட்டிச் சொல்லுங்க) லிஸ்ட் ஒண்ண ஜெராக்ஸ் போட்டுக் குடுத்து மனப்பாடம் பண்ணுங்கன்னாங்க. பேப்பர்ல அது எல்லாம் ஒப்பிக்கலாம், ஆடியோ ஓடும்போது ஒண்ணும் காதுல நிக்காது, ஏன்னா நம்ம காது தமிழ்ல பழகின காது, அது வினைச்சொல்லுக்காகத்தான் காத்துக்கிட்டு இருக்கும், இங்கிலீஷ்ல சங்கதி எல்லாம் வேற எடத்துல உக்காந்திருக்கு.

இது எனக்குப் புரிஞ்சது எங்க சித்தப்பாகிட்ட பேசும்போது. அவுக பாம்பன்ல நாட்டுப்படகு வச்சிருக்காக. வடகடல்ல இருந்து தென்கடலுக்கு எப்படிப் போவீகனு கேட்டேன். "இந்தா பாருத்தா, கரைய விட்டுத் தள்ளி, பாறைய ஒதுங்கி, கால்வாய்க்குள்ள நுழைஞ்சு, பாலத்தத் தாண்டி, தென்கடல்ல இறங்கிருவோம்"னு ஒரே மூச்சுல சொன்னாக. அத அப்படியே நோட்ல எழுதி வச்சு இங்கிலீஷ்ல மாத்திப் பாத்தேன். "வீ கோ அவுட் ஃப்ரம் தி ஷோர், ரவுண்ட் தி ராக்ஸ், த்ரூ தி சேனல், அண்டர் தி பிரிட்ஜ் அண்ட் இன்டு தி சவுத் ஸீ." சித்தப்பா சொன்னதுல அஞ்சு வினை இருக்கு, தள்ளி, ஒதுங்கி, நுழைஞ்சு, தாண்டி, இறங்கினு. இங்கிலீஷ்ல ஒரே ஒரு "கோ", மிச்ச வேலை பூரா அவுட், ரவுண்ட், த்ரூ, அண்டர், இன்டுங்கிற குட்டிச் சொல்லுங்க பாக்குது. ஒரு வினைய வச்சுக்கிட்டு முழுப் பாதையையும் வரிசையா அடுக்கிருவாங்க. மேப் கேள்வில வழி சொல்ற ஆளும் இதத்தான் பண்றாரு, "கோ"வ ஒரு தடவை சொல்லிட்டு மளமளனு அடுக்கிட்டுப் போயிருவாரு, நம்ம அடுத்த வினை எப்ப வரும்னு காத்திருந்தா பாதை முடிஞ்சே போயிரும்.

இதுக்கு மொழியியல்ல பேரே இருக்குனு அப்புறம் தேடிப் படிச்சேன். லெனர்ட் டால்மினு ஒரு அமெரிக்க மொழியியலாளர், பாதைய எங்க வைக்குதுங்கிறத வச்சு மொழிகள ரெண்டு வகையா பிரிச்சுக் காட்டினாரு. ஸ்பானிஷ் மாதிரி மொழிங்க வினைக்குள்ளயே வச்சிரும், இங்கிலீஷ், ஜெர்மன் மாதிரி மொழிங்க வினைக்குப் பக்கத்துல நிக்கிற சின்ன சொல்லுல வைக்கும். என்னைக் கேட்டா தமிழ் ஸ்பானிஷ் பக்கம்தான் நெருங்கி நிக்குது. ஒரு உதாரணம் சொல்றேன். பாக் நீரிணையில 1966ல நீச்சல் வீரர் மிஹிர் சென் இலங்கைல இருந்து நம்ம தனுஷ்கோடி கரைக்கு நீந்தி வந்தாரு, 1994ல குற்றாலீஸ்வரன் சின்னப் பையனா இருந்தப்பவே அதே நீரிணையில சாதிச்சாரு. நம்ம பேப்பர்ல "நீந்திக் கடந்தார்"னு போடுவாங்க, எப்படிப் போனாருங்கிறது "நீந்தி"ல, எங்க போனாருங்கிறது "கடந்தார்"ல. இங்கிலீஷ்ல "ஸ்வாம் அக்ராஸ்". நீந்துறது வினையாயிருச்சு, கடக்குறது "அக்ராஸ்"க்குள்ள போயிருச்சு. வாக் அக்ராஸ், ரன் அக்ராஸ், ட்ரைவ் அக்ராஸ், எதப் போட்டாலும் கடக்குறது அந்த அக்ராஸ்தான்.

இது தெரிஞ்சா இன்னொரு பெரிய குழப்பமும் தீரும். "என்டர்", "ரிட்டர்ன்", "டிசெண்ட்" இதெல்லாம் 1066ல நார்மன்காரங்க இங்கிலாந்தப் பிடிச்ச பிறகு பிரெஞ்சுல இருந்து வந்து சேர்ந்த சொல்லுங்க, நம்ம "நுழை", "திரும்பு", "இறங்கு" மாதிரியே பாதை உள்ளயே இருக்கும். அதனாலதான் "என்டர் தி ரூம்"னாலே போதும், "இன்டு" தேவையில்ல, "ரிட்டர்ன்" கூட "பேக்" போடக் கூடாது. "கோ"வுக்கும் "கம்"முக்கும் நுழையுறதோ திரும்புறதோ உள்ள இல்ல, அதனால "கோ இன்டு", "கம் பேக்". ரைட்டிங்ல இந்த எடத்துல எல்லாரும் மார்க்க விடுறாங்க, காரணத்தோட சொல்லிக் குடுத்தா ஒரு நாள்ல சரியாயிரும், எந்தக் கோச்சிங்லயும் ஏன் சொல்லித் தர மாட்டேங்கிறாங்கனு எனக்கு இன்னைக்கும் ஆதங்கம்தான்.

பாம்பன் பாலத்துக்கிட்ட நின்னா அத்தனையும் கண்ணு முன்னாடி இருக்கு. 1988ல திறந்த ரோட்டுப் பாலத்து மேல பஸ் "அக்ராஸ்" போகுது, கடலுக்கு மேலங்கிறதால "ஓவர்"னும் சொல்லலாம். கீழ வத்தை, வல்லம்னு நாட்டுப் படகுங்க "அண்டர்" போகுது. 2025 ஏப்ரல்ல திறந்த புது ரயில் பாலத்துல நடுத் துண்டு 17 மீட்டர் மேல தூக்கும், அப்ப "தி ஸ்பேன் கோஸ் அப்", அந்த எடவெளில பெரிய படகு "பாஸஸ் த்ரூ". 1914ல திறந்த பழைய ரயில் பாலத்துல இதே நடுத் துண்டு ரெண்டு பக்கமும் கை தூக்குற மாதிரி பிளந்து நின்னுச்சு. நான் ரோட்டுப் பாலத்துல நின்னுக்கிட்டு ஒவ்வொண்ணையும் வாய்விட்டுச் சொல்லிப் பாப்பேன், பக்கத்துல செல்ஃபி எடுக்குறவங்க பாத்தா பாக்கட்டும்.

மேப்ல மாட்டி விடுற மூணு விஷயத்த மட்டும் சொல்லிர்றேன். "கோ பாஸ்ட் தி கஃபே"னா கஃபேக்குள்ள போகல, அதத் தாண்டிப் போறோம். "ரைட் அப் டு தி எண்ட்"ல வர்ற "ரைட்" வலது பக்கம் இல்ல, "கடைசி வரைக்கும்"ங்கிற அழுத்தம், பேனாவ வலப்பக்கம் திருப்பிராதீங்க. "டவுன் தி ரோட்"னா இறக்கமே இருக்கணும்னு இல்ல, ரோட்டோட போறதுதான். மேப்ல வடக்கு எதுனு அம்புக்குறி போட்டிருந்தா நமக்கு லட்டு, ஏன்னா "கெழக்கால போயி வடக்கால திரும்பு"னு சொல்லியே வளந்தவங்க நம்ம, இடது வலதுல தடுமாறுனாலும் திசையில தடுமாற மாட்டோம்.

வார்டுல வேலை பாத்துக்கிட்டே படிக்கிறவங்களுக்கு ப்ராக்டீஸ் கையிலயே இருக்கு. பேஷண்ட எந்திரிச்சு உக்கார வைக்கிறது "சிட் அப்", பெட்ட விட்டு இறங்குறது "கெட் அவுட் ஆஃப் பெட்", ஒருக்களிச்சுப் படுக்குறது "டர்ன் ஆன்டு யுவர் சைட்", வீல்சேர்ல மாத்துறது "மூவ் ஃப்ரம் தி பெட் டு தி சேர்". டூட்டில ஒவ்வொரு தடவையும் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், நாளைக்கு அங்க போயி தாத்தா பாட்டிகளுக்கு இதத்தான் நிதானமா சொல்லப் போறோம், தப்பாப் புரிஞ்சா விழுந்திருவாக.

ஸ்பீக்கிங்ல ரெண்டாவது பார்ட்டுக்கு ஒரு நிமிஷம் யோசிக்க நேரம், அப்புறம் ரெண்டு நிமிஷம் வரைக்கும் நம்மளே பேசணும். எனக்கு வந்த தலைப்பு, ஆசைப்பட்டுப் போன ஒரு இடம். மண்டபத்துல கிளம்பி பாலத்துல ஏறி, ராமேஸ்வரம் தாண்டி, ரெண்டு பக்கமும் கடல் கூடவே வர்ற அந்த ரோட்டோட தனுஷ்கோடிக் கடைசில இருக்க அரிச்சல்முனை வரைக்கும் கொண்டு போயிட்டேன், 1964 டிசம்பர் புயல்ல கடல் தனுஷ்கோடி ஊருக்குள்ள ஏறி வந்ததையும் சொன்னேன், "தி ஸீ கேம் இன் ஓவர் தி டவுன்"னு. எக்ஸாமினரம்மா நிமிந்து பாத்து மேல கேட்டாங்க, பார்ட் மூணு அதுலயே ஓடிருச்சு.

மதுரைல எழுதுனேன், கேட்ட மார்க்கு நாலுலயும் வந்துருச்சு. இப்ப என் சித்தப்பா மகளுக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்கேன். செய்ய வேண்டியது இதுதான்: போன்ல மேப்ஸ் மொழிய இங்கிலீஷ்க்கு மாத்துங்க, உங்களுக்குக் கண்ணக் கட்டி விட்டாலும் தெரியுற வழிய போடுங்க, வீட்டுல இருந்து பஸ் ஸ்டாண்டு, பஸ் ஸ்டாண்டுல இருந்து படகு ஜெட்டினு. அது சொல்றதுக்கு முன்னாடி நீங்க சொல்லுங்க. ஒரு நோட்டுல வினைய விட்டுட்டு குட்டிச் சொல்ல மட்டும் எழுதுங்க. டவுட்டு இருந்தா கேளுங்க, டூட்டி முடிஞ்சு ராத்திரி பதில் போடுறேன்.